கறுப்பு வெள்ளையில் அன்றாட உலகம்

தொழிலின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவரிடையே கைப்பேசி இல்லாத இல்லத்தைக் காண்பது இன்று அரிது. அக்கைப்பேசிக்குள் ஒரு புகைப்படக் கருவியும் குடியிருக்கிறது. அதைக் கொண்டு நாம் எடுக்கும் படங்கள் எவை? தில்லியில் இருப்போர் செங்கோட்டையின் முன் நிற்கின்றனர். மும்பையில் இருப்போர் இந்திய நுழைவாயிலின் முன் நிற்கின்றனர். கொல்கத்தாவில் இருப்போர்க்கு ஹௌரா பாலம் இருக்கிறது. குடும்பத்தார் அனைவரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட அப்படங்கள் அன்றே ஊரிலுள்ள பெற்றோரிடம் போய்ச் சேருகின்றன. பெற்றோரும் மகிழ்கின்றனர். ஆயினும், தம் மகன் எத்தகைய அறையில் உறங்குகிறான், மருமகள் எந்தச் சன்னலருகே நின்று சமைக்கிறாள், பேரக் குழந்தை எந்த மாடிப்படியில் ஏறி இறங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

அவர்கள் நிற்க, நமக்கே அவை தெரிகின்றனவா? புதிய நகரத்தில் காலடி வைத்த முதல் வாரத்தில் எல்லாம் நம் கண்ணில் படுகின்றன. அறியாத எழுத்தில் அமைந்த கடைப் பலகையும், பழக்கமில்லாத வடிவில் அமைந்த கதவுத் தாழ்ப்பாளும், எதிர் வீட்டுச் சுவரில் மாலை வேளையில் விழும் நிழலும் நம்மை நின்று பார்க்கச் செய்கின்றன. ஆறு திங்கள் கழிந்தபின் அவற்றுள் ஒன்றையும் நாம் பார்ப்பதில்லை. கண் திறந்திருக்கிறது, பார்வை மட்டும் போய்விடுகிறது. இவ்வாறு பார்வைக்குத் தப்பிப்போன பொருள்களை மீண்டும் காண்பதற்குக் கைப்பேசியில் எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படம் எவ்வாறு துணை செய்யும் என்பதையே நாம் இங்கே விளக்க முற்படுகிறோம்.

மூன்று பழைய படங்கள்

புகைப்படக் கலை பிறந்த நாளிலேயே அன்றாடப் பொருளும் அதனோடு சேர்ந்து பிறந்தது. கருவியின் வழியே எடுக்கப்பெற்று இன்றுவரை எஞ்சியிருக்கும் படங்களுள் மிகப் பழமையானது, பிரான்சு நாட்டு நீப்சு என்பார் ஏறத்தாழ 1827-ஆம் ஆண்டில் எடுத்ததாகும். அதில் அரண்மனையும் இல்லை, அரசனும் இல்லை. தம் வீட்டு மேல்மாடிச் சன்னலிலிருந்து தெரிந்த கூரைகளையே அவர் எடுத்தார். தார் போன்ற ஒரு பொருளைப் பூசிய உலோகத் தகட்டில் ஒளி பதிவதற்குப் பல மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கதிரவன் கிழக்கிலிருந்து மேற்கே சென்றுவிட்டமையால், கட்டடங்களின் இரு பக்கச் சுவர்களிலும் வெயில் விழுந்தது போல அப்படம் காட்டுகிறது. எந்த மனிதக் கண்ணும் ஒரே நோக்கில் காண முடியாத காட்சி அது. பொருள்களோ நாள்தோறும் கண்ட பழைய கூரைகளேயாம்.

இரண்டாவது படம் இங்கிலாந்தைச் சேர்ந்தது. டால்பட்டு என்னும் அறிஞர், எதிர்ப்படிவத்திலிருந்து பல படிகள் எடுக்கும் முறையைக் கண்டவர். அவர் 1844-இல் ஒரு படம் எடுத்தார். திறந்த கதவொன்று, அதன் அருகே சாய்த்து வைக்கப்பட்ட ஒரு துடைப்பம், கதவுக்கு அப்பால் இருள். அவ்வளவுதான். பெருக்கியவர் எங்கே சென்றார்? உள்ளே இருப்பது யாது? படம் ஒன்றும் கூறுவதில்லை. கூறாமையே அதன் ஆற்றல். ஒரு துடைப்பத்தை இவ்வளவு நேரம் நின்று பார்க்க முடியும் என்று அதற்குமுன் எவரேனும் எண்ணியிருப்பரோ என்பது ஐயமே.

மூன்றாவது படம் அமெரிக்காவில் 1930-இல் எட்வர்டு வெஸ்டன் என்பார் எடுத்தது. படத்தின் பொருள் ஒரு குடைமிளகாய். அதை ஒரு தகரப் புனலின் வாயில் வைத்தார் அவர். புனலின் உட்புறம் ஒளியைத் திருப்பி அனுப்ப, மிளகாயின் வளைவுகள் ஒவ்வொன்றும் தனித்துத் தெரிந்தன. படத்தைக் காண்போர்க்கு அது மிளகாயாக மட்டும் தோன்றுவதில்லை. முறுக்கேறிய மனித முதுகு போலவும், ஒன்றையொன்று தழுவிய இரண்டு உடல்கள் போலவும் தோன்றுகிறது. பச்சை நிறம் இருந்திருப்பின், ‘குடைமிளகாய்’ என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்போம்.

நிறம் நீங்கினால் நிகழ்வது யாது?

இம்மூன்று படங்களும் நமக்கு உணர்த்தும் செய்தி ஒன்றே. ஒரு பொருளை நாம் பெரும்பாலும் அதன் பெயரால் காண்கிறோம். பெயரையோ பெரும்பாலும் நிறத்தால் அறிகிறோம். மஞ்சள் என்றால் எலுமிச்சை, சிவப்பு என்றால் தக்காளி என்று மனம் விரைந்து முடிவு கட்டிவிட்டு, அப்பால் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. நிறத்தை நீக்கிவிட்டால் அம்முடிவு சற்றே தள்ளிப்போகிறது. அந்த இடைவெளியில் வடிவமும் ஒளியும் நிழலும் நம் கண்ணுக்கு வருகின்றன. அன்றாடப் பொருளில் நாம் காணும் மறைபொருள் என்பது இதுவே. வெளியிலிருந்து கொணர்ந்து சேர்க்கும் மாயம் அன்று. பொருளிலேயே இருந்து, பெயரால் மூடப்பட்டுக் கிடந்த ஒன்று.

நம் கண்ணின் அமைப்பும் இதற்குச் சான்று பகர்கிறது. விழித்திரையில் இருவகை நுண்ணிய உறுப்புக்கள் உள்ளன. நிறத்தை அறியும் கூம்புகள் ஏறத்தாழ 60 லட்சம். மங்கிய ஒளியில் தொழிற்படும் கோல்கள் ஏறத்தாழ 12 கோடி. கோல்களுக்கு நிறம் தெரியாது. ஒளியின் மிகுதியும் குறைவுமே தெரியும். அந்தி சாய்ந்து வெளிச்சம் மிகக் குறைந்தபின் கூம்புகள் ஓய்ந்து கோல்கள் பணியை ஏற்கின்றன. அப்பொழுது தோட்டத்துச் செம்பருத்தி தன் சிவப்பை இழக்கிறது. கிணற்றடித் தூண் ஆளாகத் தோன்றுகிறது. இளமையில் நாம் அனைவரும் அந்த அச்சத்தையும் வியப்பையும் அறிந்திருக்கிறோம். கறுப்பு வெள்ளைப் படம் நண்பகலிலும் அந்த அந்திப் பார்வையை நமக்கு அளிக்கிறது.

கருவியின் கதையும் கேட்கத்தக்கதே. கைப்பேசியின் உள்ளே ஒளியை உணரும் சிறு தகடு ஒன்று இருக்கிறது. அத்தகட்டுக்கும் இயல்பில் நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே அது அளக்கும். அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நுண்ணிய வடிகட்டிகளைச் சதுரங்கக் கட்டம் போல் பரப்பி, அளவுகளை ஒப்பிட்டு, நிறத்தைக் கணக்கிடுகின்றனர். பாதிக் கட்டங்கள் பச்சை. எஞ்சியவற்றில் சரிபாதி சிவப்பு, சரிபாதி நீலம். ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பார் வகுத்த இம்முறைக்கு 1976-இல் காப்புரிமை வழங்கப்பெற்றது. பின்னர்க் கறுப்பு வெள்ளையாக மாற்றும்பொழுது அம்மூன்று நிறங்களையும் மீண்டும் ஒன்றாகக் கூட்டுகின்றனர். வழக்கமான கணக்கு ஒன்றில், நூற்றுக்குப் பச்சைக்கு 59 பங்கும், சிவப்புக்கு 30 பங்கும், நீலத்துக்கு 11 பங்கும் தரப்படுகின்றன.

இக்கணக்கால் விளையும் பயன் ஒன்றை நாம் நினைவில் வைத்தல் வேண்டும். செம்பருத்திப் பூவும் அதன் இலையும் கண்ணுக்கு எவ்வளவு வேறுபட்டவை! ஆயினும் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிடக்கூடும். பூ இலைக்குள் மறைந்துவிடும். எனவே நிற வேறுபாட்டை நம்பி எடுக்கும் படம் தோற்கும். ஒளி வேறுபாட்டை நம்பி எடுக்கும் படமே நிற்கும். நம் பாட்டிமார் சிலருடைய பழைய படங்களில் நெற்றிக் குங்குமம் கன்னங்கரேலென்று தோன்றுவதைச் சிலர் கண்டிருக்கலாம். அக்காலத்துத் தகடுகள் பலவற்றுக்குச் சிவப்பு ஒளியை உணரும் திறம் இல்லை. அதனால் விளைந்த கருமை அது.

கைப்பேசியில் செய்யத்தக்கவை

இனிச் செய்முறையைக் காண்போம். முதலாவது, படத்தை எடுத்த பின்னர் நிறத்தை நீக்குவதைவிட, எடுப்பதற்கு முன்னரே கைப்பேசித் திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்வது நன்று. பெரும்பாலான கைப்பேசிகளில் அதற்கு வசதி உண்டு. அவ்வாறு செய்தால், நாம் காண்பதும் எடுப்பதும் ஒன்றாகும். கண்ணும் சில நாட்களில் பழகிவிடும்.

இரண்டாவது, ஒளி பக்கவாட்டில் விழும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். காலை ஏழு மணி வெயிலும் மாலை ஐந்து மணி வெயிலும் சாய்ந்து விழுகின்றன. சாய்ந்த ஒளியில் சுவரின் பூச்சு, துணியின் மடிப்பு, அரிசியின் ஒவ்வொரு மணி ஆகிய யாவும் தம் நிழலோடு நிற்கின்றன. உச்சி வெயிலில் அவை தட்டையாகிவிடும். கல்லில் வெட்டிய எழுத்துக்களை எண்ணிப் பாருங்கள். எழுத்தும் கல், எழுத்தைச் சூழ்ந்திருப்பதும் கல். இரண்டுக்கும் நிறம் ஒன்றே. இடையே தங்கும் நிழலே எழுத்தை நமக்குக் காட்டுகிறது. 1858-இல் லினியசு டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்துறை அதிகாரி, தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்திலுள்ள தமிழ்க் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். நிறமே இல்லாத அப்படத்தில் எழுத்துக்களை ஏந்தி நிற்பது நிழல்தான். புகைப்படத்துக்கு ‘நிழற்படம்’ என்னும் மற்றொரு பெயரைத் தமிழர் வழங்கியது எவ்வளவு பொருத்தம்!

மூன்றாவது, இருளை இருளாகவே விடுதல் வேண்டும். இங்கேதான் கைப்பேசி நமக்கு மாறாக நடக்கிறது. உலகம் முழுவதும் நடுத்தரமான சாம்பல் நிறமாக இருத்தல் வேண்டும் என்பது கருவியின் எண்ணம். கரிய இரும்பு வாணலியைக் காட்டினால் அதை வெளுக்கச் செய்யும். இருண்ட அறையைக் காட்டினால், பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்து, மூலை முடுக்கெல்லாம் தெரியும்படி ஆக்கும். திருமண வீட்டில் அது உதவியே. டால்பட்டின் துடைப்பப் படத்தில் கதவுக்கு அப்பாலிருந்த இருளை இக்கருவி விட்டு வைத்திருக்குமா? ஆதலின் திரையில் மிகவும் ஒளி பொருந்திய இடத்தை விரலால் தொட்டு, அருகே தோன்றும் சிறு சூரியக் குறியைக் கீழே இறக்குக. நிழல்கள் ஆழமாகும். இரவுப் படத்துக்கான தானியங்கு வசதியையும் மின்னொளியையும் நிறுத்தி வைக்க. மின்னொளி பொருளின் முகத்தில் அறைவது போன்றது. நிழலனைத்தையும் அது பொருளுக்குப் பின்னே விரட்டிவிடும்.

நான்காவது, அணுகிச் செல்லுதல் வேண்டும். கைப்பேசியின் சிறிய தகடும் சிறிய ஆடியும் அருகிலுள்ளதையும் தொலைவிலுள்ளதையும் ஒருங்கே தெளிவாகக் காட்டும் இயல்புடையன. அதனால் படத்தில் வேண்டாத பொருள்கள் நிறைய வந்து சேரும். விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால் பல கருவிகளில் நுட்பம் குறையும். இரண்டடி முன்னே நடப்பதே மேல். முழு நாற்காலியையும் காட்டாது அதன் கையை மட்டும் காட்டுக. முழுக் குடத்தையும் காட்டாது அதன் கழுத்தில் தங்கிய ஒளிக்கோட்டை மட்டும் காட்டுக. படம் எடுக்குமுன் ஆடியைத் தூய துணியால் துடைப்பதையும் மறவாதிருப்போமாக. எண்ணெய்க் கை பட்ட ஆடி ஒளியைக் கலக்கிவிடும்.

நாம் வாழும் ஊர்களில்

ஒவ்வோர் ஊரும் தனக்கென ஓர் ஒளியை வைத்திருக்கிறது. தில்லியில் மார்கழி, தை மாதங்களில் காலைப் பனிமூட்டம் இறங்குகிறது. எதிர் வீடு இல்லை. மரத்தின் கீழ்க்கிளை மட்டும் இருக்கிறது. தேநீர்க் கடைக்காரரின் அடுப்புப் புகையும் மூடுபனியும் ஒன்றாகின்றன. எத்தனை பொருள்களை நீக்குவது என்று நாம் எண்ண வேண்டிய தேவையே இல்லை. பனி தானே நீக்கிவிடுகிறது. மும்பையில் ஆனி முதல் புரட்டாசி வரை மழை. இரவில் நனைந்த சாலை கண்ணாடியாகிறது. குடையின்கீழ் நடப்பவரைவிட, நீரில் தலைகீழாக நடக்கும் அவர் உருவமே நல்ல படமாதல் கூடும். கொல்கத்தாவின் பழைய வீடுகளில் மரப்பட்டிகள் அடுக்கிய சன்னல்கள் உள்ளன. பிற்பகலில் அவை தரையில் கோடு கோடாக ஒளியை விரிக்கின்றன. அக்கோடுகளின்மேல் கிடக்கும் ஒரு செருப்பு போதும்.

அதே கொல்கத்தாவில் நடந்த ஒரு செயலும் இங்கே நினைக்கத்தக்கது. சத்தியஜித் ராயின் ‘அபராஜிதோ’ என்னும் திரைப்படம் 1956-இல் வெளிவந்தது. அதில் வரும் காசி நகரத்து வீட்டைக் கொல்கத்தாவின் படப்பிடிப்பு அரங்கில் அமைத்தனர். நடு முற்றத்தின் வழியே மேலிருந்து இறங்கும் மென்மையான வானொளியை அரங்கில் எவ்வாறு கொண்டுவருவது? ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே வெண்துணியைக் கட்டி, விளக்கொளியை அதன்மேல் செலுத்தித் திருப்பினார். முற்றத்து ஒளி அரங்கிற்குள் வந்தது. நம் அடுக்குமாடிக் குடியிருப்புக்களிலும் காற்றுக்காக விடப்பட்ட குறுகிய இடைவெளிகள் உண்டு. சமையலறைச் சன்னலுக்கு வெளியே, குழாய்களும் கொடித்துணிகளும் தொங்கும் அந்த இடத்தில் மேலிருந்து இறங்குவதும் அத்தகைய மெல்லொளியே. நாம் அதை அழகென்று எண்ணியதில்லை. படம் எடுத்துப் பார்க்கலாம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. நாம் படிக்க அறியாத எழுத்து நமக்கு ஓவியமாகவே தோன்றுகிறது. வங்க எழுத்தின் மேற்கோடும், குசராத்தி எழுத்தின் வளைவும் பொருள் தெரியாதவரை வெறும் வடிவங்களே. மொழியைக் கற்ற நாளில் அப்பலகை ‘சலவைக் கடை’ என்றாகிவிடும். கற்பதே முறை, அதற்குமுன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் முறையே.

எங்கே நிறம் வேண்டும்?

கறுப்பு வெள்ளையே மேலானது, நிறம் தாழ்ந்தது என்று நாம் கூற வரவில்லை. இந்திய நாட்டை நிறத்தோடுதான் காண வேண்டும் என்று வலியுறுத்தி, வாழ்நாள் முழுவதும் வண்ணப் படங்களே எடுத்த ரகுவீர் சிங் நம் நாட்டவரே. 1998-இல் வெளிவந்த அவருடைய தொகுப்பு நூலின் பெயரே நிறங்களின் ஆற்றைக் குறிப்பதாகும். ஹோலிப் பண்டிகையையும் காஞ்சிப் பட்டையும் சாம்பல் நிறத்தில் காட்டுவதால் பயனில்லை. நிறமே செய்தியாக இருக்குமிடத்தில் நிறம் இருத்தல் வேண்டும். வடிவமும் ஒளியும் செய்தியாக இருக்குமிடத்தில் நிறம் விலகி நிற்றல் வேண்டும். இவ்வேறுபாட்டை அறிவதே பயிற்சி.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. மறைபொருளை நாடிச் சிலர் ஏழை மக்களின் முகச்சுருக்கங்களையும் உறங்கும் தொழிலாளரையும் அவரறியாமல் எடுக்கின்றனர். பிறருடைய துன்பம் நமக்கு மறைபொருள் ஆகாது. நாமும் ஒரு காலத்தில் இந்நகரங்களுக்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர்களே. மனிதரை எடுக்க விரும்பினால், அருகே சென்று கேட்போம்; எடுத்த படத்தை அவருக்கே முதலில் காட்டுவோம். பாதுகாப்புத் துறை இடங்களிலும், படம் எடுத்தல் விலக்கப்பட்ட பிற இடங்களிலும் கருவியைப் பைக்குள் வைத்தலே தகும்.

இதனால் வரும் பயன்

இவ்வளவும் எதற்கு? வெளியூரில் வாழும் நம்மவருள் பலர் வாடகை வீட்டில் வாழ்பவர். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீடு மாறுகிறது. சில வேளை ஊரும் மாறுகிறது. அவ்வீட்டில் நம் குழந்தை முதலடி எடுத்து வைத்திருக்கும். அதன் சுவரில் நாம் அடித்த ஆணியும் இருக்கும். வெளியேறும் நாளில் உரிமையாளர் சுவரைப் பூசி ஆணியைப் பிடுங்கிவிடுவார். அங்கே நாம் வாழ்ந்ததற்கு வேறு அடையாளம் இராது. செங்கோட்டை என்றும் இருக்கும். எவரும் அதைப் படமெடுத்துக் கொள்ளலாம். நம் சமையலறைச் சன்னலில் காய்ந்த வடிகட்டியின்மேல் விழுந்த காலை ஒளியை நம்மையன்றி எடுப்பார் இல்லை.

ஆகவே எளிய பயிற்சி ஒன்றைக் கூறி முடிப்போம். வீட்டில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: காப்பி வடிகட்டி, வாசற்படிக் கோலம், கதவுத் தாழ்ப்பாள், துணிக்கொடி, எதுவாயினும் ஆகுக. ஏழு நாட்கள், ஏழு வெவ்வேறு வேளைகளில், நாளுக்கொரு படமாக அதைக் கறுப்பு வெள்ளையில் எடுங்கள். முதல் மூன்று நாட்கள் அப்பொருளின் பெயரே படத்தில் வரும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பெயரை விட்டுப் பொருள் வரக்கூடும். ஏழினுள் நல்லதொன்றைக் கடையில் கொடுத்துத் தாளில் அச்சிடுங்கள். பின்புறத்தில் ஊரும் நாளும் எழுதி அஞ்சலில் பெற்றோர்க்கு அனுப்புங்கள். முதலில் அவர்கள், இஃதென்ன என்று கேட்பார்கள். அதற்கு நீங்கள் எழுதும் மறுமொழியிலேயே, நீங்கள் வாழும் வீட்டை அவர்கள் முதன்முறையாகக் காண்பார்கள்.